ஒரே காலத்தில் விற்ற பழைய கார்களில் சில ஆண்டு மாடல்கள் மட்டும் அதிகம் பிழைத்திருப்பது ஏன்?

கரிச்சான் (கேள்வி):

அமெரிக்கப் பழைய கார்களைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். விற்பனைப் பட்டியல்கள், மன்றங்களின் அணிவகுப்புப் படங்கள், பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் கூடும் பழைய கார்ச் சந்தையின் காணொளிகள் எனக் கையில் கிடைத்ததையெல்லாம் பார்த்ததில் ஒரு முரண் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. 1928 முதல் 1931 வரை வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ எங்கும் வரிசைகட்டி நிற்கிறது. அதே ஆண்டுகளின் செவர்லே கார்களோ, தேடிப் பார்த்தால் ஒன்றிரண்டு அகப்படுகின்றன. மாடல் ஏ மொத்தம் 48 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் 1929இல் மட்டும் செவர்லே ஏறத்தாழ 13 லட்சம் கார்களை உருவாக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, ஃபோர்டு நிறுவனம் மாடல் டியை நிறுத்திவிட்டுப் புதிய காருக்காக ஆலைகளை மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தபோது, விற்பனையில் முதலிடத்தில் இருந்ததும் செவர்லேதான்.

பின்னாளில் இதுவே தலைகீழாகிறது. 1957ஆம் ஆண்டு மாடலில் ஃபோர்டு ஏறத்தாழ 16.7 லட்சமும் செவர்லே ஏறத்தாழ 15 லட்சமும் தயாராயின. இன்று அந்த ஆண்டின் பெயரைச் சொன்னாலே மனத்தில் வருவது செவர்லேயின் பின்புறத்தில் எழுந்து நிற்கும் வால்சிறகுதான். ஃபோர்டை யாரும் நினைப்பதில்லை.

ஆகவே தயாரிப்பு எண்ணிக்கை மட்டும் இதைத் தீர்மானிக்கவில்லை என்று தெரிகிறது. நல்ல கார் நிலைத்தது, மோசமான கார் அழிந்தது என்ற விளக்கமும் எனக்குப் பொருந்தி வரவில்லை. 1929 செவர்லேயில் ஆறு சிலிண்டர் என்ஜின் இருந்தது. நான்கு சிலிண்டர் காரின் விலைக்கு ஆறு சிலிண்டர் என்பதே அவர்களுடைய விளம்பரம். மாடல் ஏவில் இருந்தவை நான்கே. தொழில்நுட்பத்தில் பின்தங்கிய கார் பிழைத்து, முன்னேறிய கார் ஏன் மறைந்தது? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.


தேக்குமரம்:

1929 செவர்லேயைப் பொறுத்தவரை உங்கள் கேள்விக்கு விடை அதன் கதவுக்குள் இருக்கிறது. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸுக்கு உடற்பகுதிகளைச் செய்த ஃபிஷர் ஆலை, கடினமான மரத்தில் முழுச் சட்டகத்தையும் இழைத்துப் பொருத்தி, அதன்மேல் எஃகுத் தகட்டை ஆணியடித்துப் போர்த்தியது. கதவின் நிலை, தூண்கள், கூரையின் விளிம்பு, அடிவிட்டம் எல்லாமே மரம். அந்தக் காலத்தில் கூரை முழுவதையும் ஒரே தகடாக அழுத்தி எடுக்கும் இயந்திரங்கள் பரவலாகாததால் கூரையின் நடுவில் நீர்புகாத துணியைத்தான் இழுத்துக் கட்டினார்கள். அந்தத் துணி சில ஆண்டுகளில் வெடித்தவுடன் மழைநீர் தூணின் உட்புறமாக இறங்கி அடிவிட்டத்தில் தங்கியது. முழு எஃகுக் கூரை ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு வந்தது 1935 மாடல்களில்தான்.

இந்த வகைக் காரைக் களஞ்சியத்திலிருந்து வெளியே இழுத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது பழகிய காட்சி. வெளித்தகடு பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும்; வண்ணம்கூட அங்கங்கே மின்னும். கதவின் பிடியைத் திருப்பித் திறந்தவுடன் கதவு விரலளவு கீழே தொங்கும். கீல் திருகுகளைத் திருகினால் அவை பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். துளையிலிருந்து பழுப்பு நிறத்தூள் கொட்டும். தகட்டை நீக்கினால் உள்ளே மரம் இருந்த இடத்தில் ஆணிகள் மட்டும் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சட்டகத்தைப் புதிதாகச் செய்ய வேண்டுமென்றால் வளைவும் சரிவும் உள்ள பல டஜன் துண்டுகளை இழைக்க வேண்டும். அளவெடுப்பதற்குப் பழைய துண்டு முழுதாக இருந்தாலாவது வேலை நடக்கும். அதுவும் மட்கிப் போயிருந்தால் தச்சர் எதைப் பார்த்து இழைப்பார்?

மாடல் ஏவின் உடற்பகுதி பெரும்பாலும் அழுத்தி எடுத்த எஃகுப் பகுதிகளைப் பற்றவைத்துச் செய்தது. அதன் கூரையிலும் துணிதான், அதுவும் ஒழுகத்தான் செய்தது. ஆனால் அரித்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒரு தகட்டை வைத்துப் பற்றவைக்க எந்த ஊர் டிங்கராலும் முடியும். முழு எஃகு உடற்பகுதியைப் பெருமளவில் முதலில் கொண்டுவந்தவர் ஃபோர்டு அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிலடெல்பியாவின் எட்வர்ட் பட்டின் ஆலை 1910களின் நடுவிலேயே டாட்ஜ் சகோதரர்களுக்கு அதைச் செய்து கொடுத்தது.

இதற்கு ஒரு துணைச்சான்றும் உண்டு. மாடல் ஏவிலேயே நான்கு கதவு செடான்களை பிரிக்ஸ், மரே என்ற வெளி ஆலைகள் செய்து கொடுத்தன. அவற்றில் மரம் கணிசமாக உண்டு. இன்று சந்தையில் மாடல் ஏ வாங்க வருபவரிடம் அனுபவசாலிகள் முதலில் சொல்லும் எச்சரிக்கை, நான்கு கதவு என்றால் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள் என்பதுதான்.


பட்டறைவாசி:

நண்பர் தேக்குமரம் கூறியது சரியே. ஆயினும் மரமே முழுக்காரணம் என்றால் பேக்கார்டு, பியர்ஸ் ஆரோ, ரோல்ஸ் ராய்ஸ் போன்ற விலையுயர்ந்த கார்கள் ஒன்றுகூட மிஞ்சியிருக்கக் கூடாது. அவற்றின் உடற்பகுதிகளிலும் மரம் ஏராளம். அவை மிஞ்சியதற்குக் காரணம், தச்சருக்குக் கொடுக்கும் கூலியைவிடக் காரின் மதிப்பு அதிகமாக இருந்ததே. மலிவான காரில் மரம் மட்கினால் கார் காயலான் கடைக்குப் போகும். விலையுயர்ந்த காரில் மரம் மட்கினால் தச்சரிடம் போகும். எனவே மரத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டியது, அந்தக் கார் எந்த வயதில், யாருடைய கையில், எந்தப் பொருளாதாரச் சூழலில் இருந்தது என்பதைத்தான்.

எந்தக் காருக்கும் ஆபத்தான பருவம் ஒன்று உண்டு. தோராயமாக எட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயதுவரை அது வெறும் பழைய வண்டி. அதன்மேல் யாருக்கும் பற்று இருக்காது. ஒரு பழுது அதன் விலையைத் தாண்டிவிட்டால் அதோடு கதை முடிந்தது. அந்தப் பருவத்தைக் கடந்துவிட்ட கார்தான் பின்னர் அரும்பொருளாகிறது. பருவத்தைக் கடப்பது காரின் கையில் இல்லை. அந்த ஆண்டுகளில் உலகத்தில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது.

மாடல் டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1908 முதல் 1927 வரை 150 லட்சம் கார்கள். அவற்றில் 1917க்கும் 1925க்கும் இடைப்பட்டவையே மிகப் பெரும்பான்மை. ஆனால் 1920களின் இறுதியில் பயன்படுத்திய கார்கள் விற்பனையாளர்களின் முற்றங்களில் தேங்கிப் புதிய கார் விற்பனையையே முடக்கியபோது, கார் நிறுவனங்கள் தாமே பணம் கொடுத்துப் பழைய வண்டிகளை உடைக்கச் செய்தன. டியர்பார்னில் உள்ள ரூஜ் ஆலையில் ஃபோர்டு இதற்கென்றே கார்களைப் பிரித்து உடைக்கும் வரிசை ஒன்றை நடத்தினார். கார்களைக் கோத்து உருவாக்கிய நிறுவனமே அவற்றைப் பிரித்து உருக்கியதை நினைத்தால் விந்தையாகத்தான் இருக்கிறது. தப்பியவற்றில் பலவற்றை உழவர்கள் டிராக்டராக மாற்றினார்கள். அதற்கான பாகத் தொகுப்புகள் கடைகளில் விற்றன. இன்னும் சில, பின்சக்கரத்தில் வார் மாட்டி மரம் அறுக்கப் பயன்பட்டன.

அடுத்து வந்தது 1942. ஜனவரியில் டயருக்குப் பங்கீடு. பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தம். பிறகு பெட்ரோலுக்கும் பங்கீடு. நாடெங்கும் போருக்காகப் பழைய இரும்பு திரட்டும் இயக்கம். அப்போது மாடல் ஏவுக்கு வயது 11 முதல் 14 வரை. வேறு காலமாக இருந்தால் அதுவே உடைபட்டிருக்க வேண்டிய வயது. ஆனால் புதிய கார் எந்த விலைக்கும் கிடைக்காத நிலையில், ஓடுகின்ற, எடை குறைந்த, எவரும் பழுதுபார்க்கக்கூடிய ஒரு வண்டியை யார் இரும்புக்குப் போடுவார்கள்? உருக்கப்பட்டவை 1910களிலும் 1920களின் தொடக்கத்திலும் செல்வர்கள் வாங்கிய பெரிய கார்கள். இரண்டு டன் எடை. குடம் குடமாக எரிபொருள் குடிக்கும் என்ஜின். ஓட்ட ஆளில்லாமல் கொட்டகையில் கிடந்தவை. அவற்றில் சிலவற்றைப் பின்பாதியை அறுத்து இழுவை வண்டியாக முன்பே மாற்றியிருந்தார்கள். ஆக, அன்றைய அரிய கார் இன்று இன்னும் அரிதாகவும், அன்றைய மலிவான கார் இன்று மலிந்தும் கிடைப்பதற்குப் போரும் ஒரு காரணம்.

வயது ஏற ஏற எண்ணிக்கை சீராகக் குறையும் என்ற எதிர்பார்ப்பும் தவறு. 1901 முதல் சில ஆண்டுகள் விற்ற வளைந்த முகப்பு ஓல்ட்ஸ்மொபில், அதற்குப் பின்வந்த பல பெரிய கார்களைவிட இன்று எளிதாகக் காணக் கிடைக்கிறது. அது ஒரு சிலிண்டர் கொண்ட குதிரையில்லா வண்டி. எடை மிகக் குறைவு. களஞ்சியத்தின் மூலையில் சாத்திவைத்தால் எவருக்கும் இடைஞ்சல் இல்லை, இரும்புக்குப் போட்டாலும் சில்லறைதான் கிடைக்கும். 1935இல் அமெரிக்கப் பழங்கார் மன்றமும் 1937இல் குதிரையில்லா வண்டி மன்றமும் தோன்றியபோது இத்தகைய வண்டிகளுக்குப் புரவலர்கள் கிடைத்துவிட்டார்கள். இரும்பு திரட்டுவோர் வந்தபோது, இடையில் இருந்த தலைமுறைக்குத்தான் வாதாட ஆளில்லை.


கரிச்சான்:

இருவருக்கும் நன்றி. மாடல் ஏவைப் பற்றிய என் ஐயம் தீர்ந்தது. ஆனால் 1957இல் மரமும் இல்லை, போரும் இல்லை. ஃபோர்டு, செவர்லே, பிளிமத் மூன்றுமே எஃகு. மூன்றுமே சாதாரணக் குடும்பங்கள் வாங்கியவை. அங்கே பிரித்தது எது?


நாற்கதவு:

1957இல் பிரித்தவை துருவும் உதிரிபாகமும் என்பது என் துணிபு. அழகு மூன்றாவதாகத்தான் வரும்.

முதலில் பிளிமத். அந்த ஆண்டு, அதைத் தயாரித்த கிறைஸ்லர் நிறுவனத்தின் கார்கள் தோற்றத்தில் மற்றவர்களைத் திகைக்க வைத்தன. ஆனால் அவசரமாகச் சந்தைக்கு வந்ததால் நீர் ஒழுகல், தூசி புகுதல், துரு எனப் புகார்கள் குவிந்தன. முகப்பு விளக்கின்மேல் புருவம்போல் நீண்டிருக்கும் தகட்டின் அடிப்புறத்தைத் தடவிப் பார்த்தால் காரணம் விளங்கும். முன்சக்கரம் வீசியெறியும் சேறு அந்தப் பள்ளத்தில் போய் அடையும். வெளியேற வழி கிடையாது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவின் பனிப்பிரதேச மாநிலங்கள் சாலைகளில் உப்பைக் கொட்டத் தொடங்கியிருந்தன. ஈரச் சேற்றோடு உப்பும் சேர்ந்தால், மேலிருந்து பார்க்கப் புதிதாகத் தெரியும் கார் உள்ளிருந்து ஓட்டையாகும். 7 லட்சத்துக்கு மேல் தயாரான ஒரு மாடல் இன்று அரிதானதற்கு இந்த ஒரு பள்ளம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொடக்கம் அங்கேதான்.

ஃபோர்டும் துருவுக்குப் பெயர்போனதுதான். அதைவிட முக்கியமானது, அதன் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமை. 1957இல் ஃபோர்டு இரண்டு வேறு நீளங்களில் கார்களை விற்றது: மலிவான கஸ்டம் வரிசைக்கு அச்சிடைத் தொலைவு 116 அங்குலம், உயர்ந்த ஃபேர்லேன் வரிசைக்கு 118 அங்குலம். ஆகவே ஒன்றை உடைத்தால் அதன் உடற்பகுதித் தகடுகள் அனைத்தும் மற்றொன்றுக்கு உதவா. அதன் வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜினையும் 1960களின் முற்பகுதியிலேயே அமெரிக்கக் கார்களில் கைவிட்டுவிட்டார்கள். செவர்லேயின் நிலை இதற்கு நேர்மாறு. 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளும் அடிப்படையில் ஒரே உடற்பகுதி. 1955இல் அறிமுகமான சிறிய வி8 பல பத்தாண்டுகள் தொடர்ந்து தயாரானது. எனவே 1970இல் ஒரு மாணவனிடம் என்ஜின் செத்த 57 செவர்லே இருந்தால், அவன் நொறுங்கிய புதிய கார் ஒன்றிலிருந்து என்ஜினை எடுத்து ஒரு வார இறுதியில் மாட்டிக்கொள்ள முடிந்தது. அந்தக் கார் ஆபத்தான பருவத்தைக் கடந்தது அப்படித்தான். இளைஞர்கள் விரும்பியதால் பாகங்கள் செய்வோர் வந்தார்கள். பாகங்கள் கிடைத்ததால் மேலும் பலர் விரும்பினார்கள். இன்று அந்தக் காரின் உடற்பகுதி முழுவதையுமே புதிதாக வாங்கலாம்.

நான்கு கதவுக் கார்களின் கதி தனி. (என் பெயரைப் பார்த்தாலே என் மனக்குறை புரியும்.) ஒரே மாடலில் அதிகம் விற்றவை குடும்பத்தினர் வாங்கிய நான்கு கதவு செடான்களே. ஆனால் மீட்டெடுக்க ஆட்கள் விரும்பியது இரண்டு கதவுக் கார்களையும் திறந்த கார்களையும். முன்மூடி (பானெட்), முன்சிறகு (மட்கார்டு), கருவிப்பலகை, தடுப்புச்சட்டம் (பம்பர்) எல்லாம் இரண்டுக்கும் பொதுவானவை என்பதால், நல்ல நிலையில் இருந்த நான்கு கதவுக் கார்களை வாங்கி உரித்தெடுத்து இரண்டு கதவுக் கார்களைக் காப்பாற்றினார்கள். துரு தின்னாமல் விட்டதை ஆர்வலர்களே தின்று தீர்த்தார்கள்.

இந்த விதி ஃபோர்டுக்குள்ளும் வேலை செய்கிறது. 1957இல் எஃகுக் கூரையையே மடித்துப் பின்பெட்டிக்குள் இறக்கும் ஸ்கைலைனர் என்ற மாடலை அவர்கள் விற்றார்கள். தயாரானவை 20 ஆயிரத்துக்குச் சற்றே மேல். மோட்டார்களும் கம்பிகளும் நிறைந்த, பழுதுபார்க்கவே அஞ்ச வேண்டிய கார் அது. ஆனால் அந்த ஆண்டின் ஃபோர்டுகளில் கண்காட்சிக்குக் கண்காட்சி நிற்பது அதுவாகத்தான் இருக்கும், லட்சக்கணக்கில் விற்ற எளிய கஸ்டம் செடான் அல்ல. எளிமையான கார் நீடிக்கும் என்று மாடல் ஏவை வைத்து முடிவுகட்டுவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.


நெடுஞ்சாலை:

இதுவரை பேசியவை காரின் உடலைப் பற்றியும் சந்தையைப் பற்றியும். விதிகளில் எழுதப்பட்ட தேதிகள் செய்யும் வேலையையும் சேர்க்க விரும்புகிறேன்.

லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் பழங்கார் ஓட்டத்தில் 1905 ஜனவரி 1க்கு முன் கட்டப்பட்ட கார்களுக்கே இடம். 1904 இறுதியில் வெளிவந்த காருக்கும் 1905 தொடக்கத்தில் வெளிவந்த காருக்கும் பொறியியலில் வேறுபாடு ஏதுமில்லாமல் இருக்கலாம். விலையில் பெரும் வேறுபாடு உண்டு. விலை இருந்தால் மீட்டெடுக்கப் பணம் செலவழியும். எனவே 1904 பிழைக்கிறது. காரின் ஆண்டை உறுதிசெய்ய பிரிட்டனில் 1930இல் தொடங்கிய பழங்கார் மன்றம் ஆதாரம் கேட்டுத் துருவித் துருவி ஆராய்வது இதனால்தான். அமெரிக்காவின் குதிரையில்லா வண்டி மன்றம் 1916க்கு முந்திய கார்களை வரம்பாகக் கொண்டது. மாடல் டியில் பித்தளை ரேடியேட்டர் 1916 மாடல் வரை இருந்தது. ஆகவே 1916 மாடல் டி வைத்திருப்பவருக்கு அதை 1915 என்று எழுதிக்கொள்ளும் ஆசை பிறப்பது இயல்பு.

கியூபா இதன் உச்சம். 1959 புரட்சிக்குப் பிறகு அமெரிக்கக் கார்களின் வரவு நின்றது. அதோடு, புரட்சிக்கு முன்பே நாட்டில் இருந்த கார்களை மட்டுமே மக்கள் தங்களுக்குள் தாராளமாக வாங்கி விற்கலாம் என்ற நிலை 2011 வரை நீடித்தது. டெட்ராய்ட்டில் உடைத்தெறியப்பட்ட சாதாரண நான்கு கதவுக் கார்கள் ஹவானாவில் இன்றும் ஓடுவதற்கு உலர்ந்த தட்பவெப்பமோ நல்ல எஃகோ காரணமில்லை. கடற்காற்று வீசும் தீவு அது. விற்கக்கூடிய ஒரே கார் அதுவாக இருந்ததே காரணம். முன்மூடியைத் திறந்தால் சோவியத் டீசல் என்ஜின் இருக்கும் என்பது வேறு விஷயம்.

கலிபோர்னியாவில் 1975 வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976 மாடல் என்றால் உண்டு. பிரிட்டனில் 1997 முதல் 2014 வரை சாலை வரிவிலக்கு 1973க்கு முந்திய கார்களோடு நின்றிருந்தது. இத்தகைய எல்லைக்கோடுகளின் இருபுறமும் இருந்த ஒரே மாதிரியான கார்களில் எதற்கு முதலில் புது பிஸ்டன் போடுவார்கள் என்று கேட்கவே வேண்டாம். இந்தியாவில் 2021 முதல் 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு விஏ என்ற எழுத்துகளோடு தனிப்பதிவு வந்திருக்கிறது. அது எந்த ஆண்டு மாடல்களைக் காப்பாற்றும் என்பது போகப் போகத்தான் தெரியும்.


தேக்குமரம்:

நெடுஞ்சாலை அவர்கள் 1915, 1916 பற்றிக் கூறியது எண்ணிக்கையை நம்புவதிலுள்ள இடரையும் காட்டுகிறது. மாடல் ஏவில் என்ஜின் எண்ணே காரின் எண். அதே எண்ணைக் காரின் அடிச்சட்டத்தில் (சேசிஸ்) இடப்பக்க மேற்புறத்திலும் பொறித்தார்கள். ஆனால் உடற்பகுதியைத் தூக்கினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். என்ஜின்கள் ஆண்டு பாராமல் மாறி மாறி ஏறியிருப்பதால், என்ஜினைப் பார்த்துப் பதிந்த 1931 காரின் சட்டம் 1929ஆக இருக்கலாம். ஆவணத்தில் அது 1931தான். 1932 ஃபோர்டின் நிலை இன்னும் வேடிக்கையானது. வேகக் கார் பிரியர்கள் அதன் திறந்த மாடலைத் தேடித் தேடி வாங்கியதால் இன்று அதன் உடற்பகுதியைப் புது எஃகிலேயே செய்து விற்கிறார்கள். பழைய சட்டமும் ஆவணமும் மட்டும் கையில் இருந்தால் மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும்.

ஆகவே, கரிச்சான் அவர்களே, விற்பனைப் பட்டியலை வைத்து ஆண்டுவாரியாகக் கணக்கெடுப்பதானால் மாடல் ஏவுக்கு என்ஜின் எண்ணை விட்டுவிட்டு உடற்பகுதி அடையாளங்களைப் பாருங்கள். சக்கரம் 21 அங்குலமாக இருந்தால் 1928 அல்லது 1929. 19 அங்குலமாக இருந்தால் 1930 அல்லது 1931. சக்கரத்தையும் மாற்றியிருக்கலாம் என்பதால் ரேடியேட்டர் கூட்டின் உயரத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பின்னிரண்டு ஆண்டுகளில் அது உயர்ந்து, முன்மூடியின் கோடு நேராகக் கண்ணாடிவரை ஓடும்.